கேட்டதற்குக் கையெழுத்து

பெற்றோர் கூட்டத்துக்குக் கிருசாந்தினி அரை மணித்தியாலம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலைவீட்டு எசமானியான சிஞ்ஞோரா அன்றைக்குத் தானாகவே அவளை நேரத்தோடு விட்டிருந்தாள். பிள்ளையின் படிப்பு முக்கியம், மிச்சத் துணியை நாளைக்கு அயர்ன் பண்ணலாம் என்று சொல்லி வாசல்வரை வந்து அனுப்பினாள். மகள் அமலினியை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னதும் சிஞ்ஞோராதான்.

ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அமலினி பலேர்மோவில் வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளியில் படித்தாள். வங்காளப் பிள்ளைகள், கானாப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், சிசிலிப் பிள்ளைகள் என்று எல்லாரும் கலந்திருந்த இடம் அது. பதினொரு வயதாகி நடுநிலைப் பள்ளிக்குப் போகும் காலம் வந்தபோது சிஞ்ஞோரா தன் மகள் மார்த்தினா போகும் பள்ளியின் பெயரைச் சொன்னாள். அங்கே இத்தாலிய மொழி நன்றாகப் படிப்பிக்கிறார்கள், இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருக்கட்டும் என்றாள். கிருசாந்தினி அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது மார்த்தினாவுக்கு இரண்டு வயது. ஒன்பது வருடமாக அவளுக்குச் சோறு தீத்தி, மூக்குத் துடைத்து, உடுப்புத் தோய்த்து வந்தவள் கிருசாந்தினி. பெயர் வாயில் நுழையாமல் மார்த்தினா அவளைக் 'கிரி' என்று கூப்பிடுவாள். கோடை விடுமுறைகளில் அமலினியையும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு பிள்ளைகளும் குளியல் தொட்டிக்குள் இறங்கி விளையாடுவார்கள். ஆகவே சிஞ்ஞோரா அப்படிச் சொன்னபோது, கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்றுதான் கிருசாந்தினி நினைத்தாள்.

கூட்டத்தில் இத்தாலிய மொழி படிப்பிக்கும் ஆசிரியை பேசினாள். புரொபெசொரெஸ்ஸா என்றுதான் எல்லாரும் அவளை அழைத்தார்கள். நரை விழுந்த கட்டைத் தலைமயிர், கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி. இந்த வருடம் தன் வகுப்பிலிருந்து குடும்பங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்று ஒரு பக்கத்தில் அடித்து எல்லாருக்கும் கொடுத்தாள். அதை வரிவரியாக வாசித்து விளக்கவும் செய்தாள். மற்றத் தாய் தகப்பன்மார் கை உயர்த்திக் கேள்வி கேட்டார்கள், சிரித்தார்கள், ஏதோ ஒன்றுக்காக இரண்டு பேர் வாக்குவாதப்பட்டார்கள். கிருசாந்தினிக்குப் புத்தகம், வீடு, கையெழுத்து என்ற மூன்று சொற்கள் விளங்கின. மற்றவர்கள் சிரித்தபோது அவளும் சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கடதாசியை மகளிடம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்கு, வாசி பிள்ளை."

அமலினி சப்பாத்தைக் கழற்றாமலே வாங்கிப் பார்த்தாள். "ரெண்டு புத்தகம் வாசிப்பம். கிராமாட்டிக்கா பாடம் செவ்வாய்க்கிழமையிலை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா தேமா எழுதோணும்."

"தேமா எண்டால்?"

"ஒரு விஷயம் தருவினம். அதைப் பற்றி உங்கடை மனசிலை இருக்கிறதை எழுதுறது." அவள் கீழே விரலை ஓட்டினாள். "பிறகு ஒவ்வொரு நாளும் வீட்டிலை இருவது நிமிஷம் சத்தமா வாசிக்கோணும். ஆராவது இருந்து கேக்கோணும். கேட்டதுக்கு இஞ்சை சைன் பண்ணோணும்."

"எனக்கு விளங்காதே."

"அது பிரச்சினை இல்லையாம். வீட்டிலை இத்தாலியன் தெரிஞ்சிருக்கத் தேவையில்லையாம். பிள்ளை வாசிக்கேக்கை பக்கத்திலை இருந்து கேட்டால் காணுமாம்."

கிருசாந்தினி அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் கேட்கப்பட்டதெல்லாம் அவளால் தனியே செய்ய முடியாத காரியங்கள். விண்ணப்பம் நிரப்பு, இந்த முத்திரை எங்கே, அந்த நகல் எங்கே. எதற்கும் யாராவது ஒருவரின் பின்னால் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் இருந்து கேட்கிற வேலையை அவள் தனியே செய்வாள். அதை ஒழுங்காகவே செய்யத் தொடங்கினாள்.

புருசன் ஜோக்கிமுக்கு நகரத்துக்கு வெளியே மொண்டெல்லோவில், படுக்கையில் விழுந்துவிட்ட ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலை. அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் தாயும் மகளும்தான். பின்னேரம் ஆறு மணிக்குக் கிருசாந்தினி வேலையால் வந்து அடுப்பை மூட்டிவிட்டு, பாத்திரங்களைக் கழுவத் தொடங்குவாள். அமலினி புத்தகத்தோடு குசினி மேசையில் வந்து இருந்தவுடன் குழாயைப் பூட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். பாஷை விளங்காதபோது காது என்ன செய்யும் என்று, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இருபது நிமிடம் முடிந்ததும் "பிராவா" என்பாள்; கெட்டிக்காரி என்று பொருள். பள்ளி கொடுத்த அட்டையில் கையெழுத்துப் போடுவாள். ஊரில், பேசாலைப் பள்ளிக்கூடத்தில் பழகிய அதே உருண்டைத் தமிழ்க் கையெழுத்து.

சில நாட்களில் அமலினி வரியின் நடுவில் நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தைப் பார்ப்பாள். வசனம் முடிகிற இடமாக்கும் என்று கிருசாந்தினி தலையை ஆட்டுவாள். பிள்ளை மேற்கொண்டு வாசிப்பாள். ஒருநாள் குரல் கரகரத்துப் போய் அடைத்தது.

"என்ன, கதையிலை ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை."

"பிறகு ஏன் குரல் இப்பிடிப் போகுது?"

"தடிமன், மூக்கு அடைச்சிருக்கு," என்றாள் அமலினி.

நவம்பரில் பிள்ளை நனைந்த சப்பாத்தோடு வீட்டுக்கு வந்தாள். மழையில்லாத நாள். குழாயடியில் விளையாடியதாகச் சொன்னாள். கிருசாந்தினி ஏசிவிட்டு, சப்பாத்துக்குள் பேப்பரைச் சுருட்டி அடைத்து, தலைமயிர் காயவைக்கிற மெஷினைப் பிடித்து உலர்த்தினாள். அடுத்த மாதம் மறுபடியும் நனைந்தது. தைமாதத்தில் மூன்றாம் தரம் நனைந்து வந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீ என்ன சின்னக் குழந்தையே? ஆரின்ரை வீட்டிலை காசு கொட்டிக் கிடக்குது உனக்குப் புதுசு வாங்க?" என்று கேட்டு முதுகில் ஒரு அடியும் போட்டாள்.

அமலினி அழவில்லை. அன்றைக்குப் பின்னேரம் மேசையில் வந்திருந்து நாற்பது நிமிடம் வாசித்தாள். அடி வாங்கியதில் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று கிருசாந்தினிக்குச் சந்தோசம். அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளின் தலையைத் தடவி இரண்டு தரம் பிராவா சொன்னாள்.

பெப்ரவரியில் ஒருநாள் புரொபெசொரெஸ்ஸா நேரே போன் எடுத்தாள். வழமையாகப் பள்ளிக்கூடத்துச் செய்திகள் போனில் உள்ள செயலி ஒன்றுக்குத்தான் வரும். அதைத் திறந்து பார்ப்பது அமலினி. இந்த முறை அந்த வழியை விட்டுவிட்டுத் தாயிடமே பேச வேண்டும் என்று ஆசிரியை நினைத்திருந்தாள் போலிருக்கிறது. நாளைக்கு, பத்து மணி, அமலினி இல்லாமல் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டுச் சொன்னாள். அந்த மெதுவிலிருந்தே இது சின்ன விஷயமில்லை என்று கிருசாந்தினிக்குத் தெரிந்தது.

மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அவள் றஞ்சித்தைக் கேட்டாள். கோயில் சபையில் இருப்பவர், ஐம்பது வயது தாண்டியவர், இருபத்தைந்து வருடமாகப் பலேர்மோவில் இருக்கிறார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்க, குடும்பத்தைக் கூப்பிட, வரிப் பத்திரம் நிரப்ப என்று சனம் அவரிடம்தான் போகும். எந்த அலுவலகத்துக் கடதாசியையும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். "வாறன் தங்கச்சி, அதுக்கென்ன," என்று வந்தார்.

புரொபெசொரெஸ்ஸா ஒரு கொப்பியைத் திறந்து வைத்திருந்தாள். தான் சொல்வதைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை முழுதாக வாசித்தாள். வாசித்து முடிக்கப் பல நிமிடங்கள் எடுத்தன. நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். றஞ்சித் குனிந்து தன் கையில் இருந்த குளிர்த்தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை சொல்லுறா?"

"நீங்கள் சொல்லுறதைக் காது குடுத்துக் கேட்கிற ஒராளைப் பற்றி எழுதுங்கோ எண்டு பிள்ளையளுக்குக் குடுத்தவவாம். மகள் உம்மைப் பற்றி எழுதியிருக்கிறாவாம்." அவர் தொண்டையைச் செருமினார். "வகுப்பிலை சில பிள்ளையள் பகிடி பண்ணுறாங்களாம். மகள் கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறாவாம். தான் கவனிக்கிறன் எண்டு சொல்லுறா."

"இவ்வளவு நேரம் வாசிச்சா. இவ்வளவுதானோ?"

"மிச்சம் வகுப்புச் சங்கதி, தங்கச்சி."

புரொபெசொரெஸ்ஸா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். மறுபடியும் ஏதோ கேட்டாள். அதில் 'எம்' என்ற எழுத்து மட்டும் கிருசாந்தினியின் காதில் விழுந்தது. மகள் எம் என்ற எழுத்தால் மட்டும் குறித்திருக்கிற ஒரு பிள்ளையாம், தெரியுமா என்று கேட்கிறா என்றார் றஞ்சித். கிருசாந்தினி தெரியாது என்று தலையை ஆட்டினாள். அப்போது அது உண்மைதான். ஆசிரியை அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வந்து இரண்டாக மடித்து அவளுடைய கையில் வைத்து, கையை ஒரு கணம் விடாமல் பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் கிருசாந்தினி கடதாசியை றஞ்சித்திடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கடிதம், கோட்டுக் கடதாசி எண்டால் நான் ஒரு எழுத்து விடாமல் சொல்லுவன், தங்கச்சி. இதை எனக்குச் சொல்லத் தெரியேல்லை. எனக்கும் ரெண்டு பெட்டைப் பிள்ளையள்." அவருடைய கண் கலங்கியிருந்தது. "நீர் ஆற அமர மகளோடை கதையும்," என்று சொல்லிவிட்டுப் பஸ் தரிப்பைப் பார்த்து நடந்தார்.

அவள் வேலைவீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. துறைமுகப் பக்கம் போய், கப்பல் தெரிகிற வாங்கு ஒன்றில் உட்கார்ந்தாள். நேப்பிள்ஸ் கப்பலின் பின்வாயைத் திறந்து லொறிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனால் பக்கத்தைப் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தாள். மகளின் கூட்டெழுத்து போனுக்குப் பிடிபடவில்லை. என்னவோ உளறியது. பிறகு அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து விரலால் தட்டத் தொடங்கினாள். ஒரு வசனத்துக்குப் பத்து நிமிடம் போனது. தட்டி முடித்தால் போன் அதைத் தன் பாட்டுக்கு ஒரு தமிழாக்கிக் காட்டியது.

'நான் வாசிக்கும் போது எனது தாய் குழாயை மூடுகிறார். அவர் எனது வாயை கவனிக்கிறார்.'

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிள்ளை இதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாளே.

'நான் புத்தகத்தை வாசிப்பதில்லை. புத்தகம் திறந்திருக்கிறது. நான் எனது அன்றைய நாளை கூறுகிறேன்.'

இந்த வசனத்தை அவள் பிழையாகத் தட்டிவிட்டாளோ என்று மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதேதான் வந்தது.

'உடற்பயிற்சிக்குப் பிறகு எம் மற்றும் இருவர் எனது காலணிகளை அமைச்சரவையில் வைத்தனர்.'

அமைச்சரவை. காலணியை யார் அமைச்சரவையில் வைப்பார்கள்? போனை விட்டுவிட்டுக் கடதாசியில் அந்த இத்தாலியச் சொல் எது என்று விரல் வைத்துத் தேடினாள். காபினெத்தோ. அவளுக்கு அதை மொழிபெயர்க்கப் போன் தேவைப்படவில்லை. இத்தாலியில் அவள் முதலில் பழகிய பத்துச் சொற்களில் அது ஒன்று. கிழமையில் ஐந்து நாளும் முழங்காலில் இருந்து அவள் தேய்த்துக் கழுவுவது அந்தக் கக்கூசைத்தான். சப்பாத்தை அதற்குள் போட்டிருக்கிறார்கள். அந்தச் சப்பாத்தைத்தான் அவள் பேப்பர் அடைத்து உலர்த்தினாள். அதற்காகத்தான் பிள்ளையின் முதுகில் அடித்தாள்.

மிச்சத்தையும் தட்டினாள்.

'எம் கூறினார்: உனது தாய் எங்களுடையதை கழுவுகிறார், நீ உன்னுடையதை கழுவு.'

எம் யார் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

'நான் இவை அனைத்தையும் அம்மாவிடம் கூறிவிட்டேன். அவர் பிராவா என்றார். அவர் கையொப்பமிட்டார்.'

கப்பல் பின்வாயை மூடி ஊதியது. இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். அவள் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அன்றைக்குப் பின்னேரம் அமலினி புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தபோது கிருசாந்தினி அதை மூடினாள்.

"சப்பாத்தை காபினெத்தோவுக்குள்ளை போட்டது மார்த்தினாவோ?"

பிள்ளையின் முகம் வெளிறியது. "புரொபெசொரெஸ்ஸா காட்டினவவோ?"

"ஓம். நீ ஏன் எனக்குத் தமிழிலை சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அங்கை போய்க் கேப்பீங்கள். அவையின்ரை வீட்டிலை உங்களுக்கு வேலை போயிடும். பிறகு பெர்மெஸ்ஸோ..." அவள் நிறுத்தினாள். "சொல்லாமலும் இருக்க ஏலாமல் கிடந்தது. அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

"நான் அடிச்ச அண்டைக்காவது வாயைத் திறந்திருக்கலாமே, பிள்ளை."

"தமிழிலை எனக்கு வராது அம்மா."

"என்ன வராது? சப்பாத்து வராதோ, தண்ணி வராதோ?"

"அதெல்லாம் வரும். மற்றது வராது." அமலினி நெஞ்சில் கையை வைத்துச் சொல் தேடினாள். கிடைக்காமல் இத்தாலியனில் சொன்னாள். "உமிலியாத்தா."

"அது என்ன?"

"அதுக்குத் தமிழ் தெரியாது எண்டுதானே சொல்லுறன்!" என்று அவள் கத்தி, கத்தியவுடன் அழத் தொடங்கினாள்.

கிருசாந்தினி போனில் தட்டிப் பார்த்தாள். வந்த சொல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். "அவமானம்," என்றாள். "அதுக்கு அவமானம் எண்டு சொல்லுறது."

"அவமானம்," என்று அமலினி திருப்பிச் சொன்னாள், புதுப் பாடத்தில் வந்த சொல்லைச் சொல்லிப் பார்ப்பதுபோல. கிருசாந்தினிக்கு அதைக் கேட்கவே முடியவில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவுவதற்கு ஒன்றுமில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை ஜோக்கிம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கட்டிலின் விளிம்பில் குந்தியிருந்து கேட்டான்.

"அந்த வேலையை விட்டிட்டு வா எண்டு சொல்ல எனக்கு வாய் வருது. ஆனால் நான் பாக்கிற ஆளுக்குச் சாப்பாடு இறங்குதில்லை, கிருசா. கிழவர் வெயில்காலம் காணமாட்டார். அவர் போனால் என்ரை கொந்திராத்தோவும் போச்சு. ஆவணி மாதம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் காட்டோணும், உன்ரை கொந்திராத்தோ ஒண்டுதான் கையிலை இருக்கும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்? வாயைப் பொத்திக்கொண்டு இருக்கட்டோ?"

"எனக்குத் தெரியேல்லை," என்றான் அவன். "சத்தியமா எனக்குத் தெரியேல்லை."

நாலு நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. வழமைபோல் வேலைக்குப் போனாள். மார்த்தினாவின் உடற்பயிற்சி உடுப்பைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, நாலாக மடித்து அவளுடைய அலுமாரியில் அடுக்கினாள். மார்த்தினா மத்தியானம் வந்து "ச்சாவ் கிரி" என்று ஹலோ மாதிரிச் சொல்லிவிட்டு, பையைத் தரையில் எறிந்துவிட்டு அறைக்குள் போனாள். பையை எடுத்து மாட்டியது கிருசாந்தினிதான். ஐந்தாம் நாள் காலையில் அவள் வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸால் இறங்கி, தனியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனாள். றஞ்சித்தைக் கூப்பிடவில்லை. ஆசிரியர்களின் அறை வாசலில் புரொபெசொரெஸ்ஸா வரும்வரை நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். அதற்கு யாருடைய இத்தாலியனும் தேவையில்லை.

"எம்," என்றாள் கிருசாந்தினி. "மார்த்தினா."

அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றும் அவளுடைய கையில் இல்லை. பள்ளி அதிபர் கூட்டம் வைத்தார். சிஞ்ஞோரா அழைக்கப்பட்டாள். வந்தவள் எல்லாருக்கும் முன்னால் கிருசாந்தினியைக் கட்டிப்பிடித்து அழுதாள். தனக்கு வெட்கமாக இருக்கிறது, மகளின் போனை இரண்டு கிழமைக்குப் பறித்துவிட்டேன், நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி அல்லவா என்றாள். கூட்டத்துக்கு வந்திருந்த றஞ்சித் அதையெல்லாம் ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தார். அந்த மாதிரிப் பேச்சு அவருக்குச் சுலபமாக வந்தது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கிருசாந்தினிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

பிறகு அதிபர் ஒரு கடதாசியைத் தள்ளி வைத்தார். அமலினியின் மன அமைதிக்காக அவளைப் பக்கத்து வகுப்புக்கு, வேறு பிரிவுக்கு மாற்றுவது என்று முடிவாம். புரொபெசொரெஸ்ஸா குறுக்கே ஏதோ சொன்னாள். குரல் உயர்ந்தது. அதிபர் பொறுமையாகப் பதில் சொன்னார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையைப் பார்த்தாள்.

"ரீச்சர் என்னவாம்?"

"மாற்ற வேண்டியது மற்றப் பிள்ளையை எண்டு சொல்லுறா. அது பெரிய நடைமுறையாம், கன காலம் எடுக்குமாம். இதெண்டால் திங்கட்கிழமையே மாற்றலாமாம். சிஞ்ஞோராவும் இதுதான் நல்லதெண்டு சொல்லுறா." றஞ்சித் பேனையை அவளுடைய பக்கம் வைத்தார். "சைன் பண்ணும் தங்கச்சி. இதுக்கு மேலை இழுத்தால் உமக்குத்தான் கரைச்சல்."

கிருசாந்தினி நேரே அதிபரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில், ஏன் இவள் என்று கேட்டாள். அதிபருக்குக் கேள்வி வேறு மாதிரி விளங்கியது. அமலினி நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, அதனால்தான் அவளுடைய நன்மையைப் பார்க்கிறோம் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவளிடம் அடுத்த வசனம் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு அமலினியிடம் சொன்னபோது அவள் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கினாள். பிறகு, "நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாள். "பக்கத்து வகுப்பிலை இத்தாலியன் படிப்பிக்கிறது வேறை ஆள். புரொபெசொரெஸ்ஸா எனக்கு இல்லை இனி. நான் எழுதினதை வாசிச்சது அவ ஒராள்தான்." சொல்லி முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய்த் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கிருசாந்தினி கதவடியில் நெடுநேரம் நின்றாள்.

புது வகுப்பில் அடியும் இல்லை, பகிடியும் இல்லை. கடைசி வாங்கில் தனியே இருக்கிறாள். என்ன நடந்தது என்று கேட்டால் "பெனே" என்பாள். நல்லது என்று பொருள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது, தமிழிலும் வராது, இத்தாலியனிலும் வராது.

பங்குனி நடுவில் மார்த்தினாவுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் கிடந்தாள். சிஞ்ஞோரா தன் மருந்துக்கடையைத் திறக்கப் போகுமுன், நெற்றியில் ஈரத்துணி போடும்படியும் மணிக்கு ஒருதரம் காய்ச்சல் பார்க்கும்படியும் கிருசாந்தினியிடம் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும்தான்.

கிருசாந்தினி கோப்பையில் தண்ணீரும் துணியுமாக அறைக்குள் போனாள். அந்த அறைக்குள் சொல்வதற்கென்று பஸ்ஸிலும் மாடிப்படியிலும் எத்தனையோ நாளாக வசனம் கட்டிக்கொண்டிருந்தவள் அவள். இத்தாலியனில், பிழையில்லாமல், ஒவ்வொரு வினைச்சொல்லையும் போனில் சரிபார்த்து வைத்திருந்தாள். கட்டிலில் கிடந்த பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. காய்ச்சல் வந்தால் மார்த்தினா சின்ன வயதிலிருந்தே இடது காலைப் போர்வைக்கு வெளியே போட்டுக்கொள்வாள். இப்போதும் போட்டிருந்தாள். கட்டி வைத்த வசனமெல்லாம் எங்கோ போய்விட்டது. துணியைப் பிழிந்து நெற்றியில் வைத்துவிட்டு, வாயில் மிஞ்சிய ஒரே சொல்லை அவள் கேட்டாள்.

"பெர்க்கே, மார்த்தி?"

ஏன் என்று.

மார்த்தினா கண்ணைத் திறந்தாள். எதைக் கேட்கிறாள் என்று அவளுக்கு விளங்கியது முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் கண் நிறைந்ததுபோலவும் இருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, தோளைச் சற்று உயர்த்தி, "பொ" என்றாள்.

இந்த ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாரும் நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல் அது. எனக்கென்ன தெரியும், யாருக்குத் தெரியும் என்று பொருள். பலேர்மோவுக்கு வந்த புதிதில் கிருசாந்தினிக்கு அது தமிழ்ப் 'போ' என்று கேட்கும். தன்னைப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து விலகி நிற்பாள்.

அவள் போகவில்லை. போகவும் முடியாது. பதினொரு மணிக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும். நெற்றியில் இருந்த துணி அதற்குள் சூடாகிவிட்டிருந்தது. அதை எடுத்துக் கோப்பைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, திரும்பவும் போட்டாள்.